மரம் செதுக்கும் இயந்திரமும் மறைந்திருக்கும் நெருப்பும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

முன்னுரை

தீப்பெட்டி தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் மரத்திலிருந்து தீயைக் கடைந்தெடுக்கக் கற்றுக்கொண்டான். உலர்ந்த கட்டை ஒன்றில் சிறு குழி. அக்குழியில் ஒரு கோல். கோலை விரைந்து சுழற்றினால் கருந்தூள் சேரும். அத்தூளில் கங்கு பிறக்கும். மெல்ல ஊதினால் சுடர் எழும். இதனை நம் முன்னோர் தீக்கடைகோல் என்றனர். சங்க நூல்களில் ஞெலிகோல் என்ற பெயரால் இது வழங்குகிறது.

இக்கருவியில் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. கோல் வேகமாகச் சுழல வேண்டும். இருந்த இடத்திலேயே சுழல வேண்டும். உண்டாகும் தூள் வெளியே சிதறிவிடாமல் குழியிலேயே தங்க வேண்டும். இம்மூன்றும் கூடினால்தான் தீ உண்டாகும்.

இன்று நமது சிறு நகரங்களின் தச்சுப் பட்டறைகளிலும் சி.என்.சி. ரூட்டர் என்னும் இயந்திரம் வந்துவிட்டது. அதுவும் மரத்தின் மேல் விரைந்து சுழலும் ஒரு கோல்தான். அது செதுக்கும் கருவியாக இருப்பதற்கும், தீக்கடைகோலாக மாறிவிடுவதற்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. அந்தத் தூரம் எவ்வளவு, அதைக் காப்பது எப்படி என்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் தச்சர். கதவு, நிலை, ஜன்னல் செய்வதில் முப்பது ஆண்டு அனுபவம் உடையவர். அவர் வேலை பார்க்கும் பட்டறைக்கு விடுமுறை நாட்களில் கணக்கு எழுதப் போவேன். அங்கே கண்ணால் கண்டவற்றையும், வகுப்பில் வெப்பவியல் பாடத்தில் கற்றவற்றையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

இயந்திரம் இயங்கும் விதம்

எண்களால் இயக்கப்படும் வெட்டும் இயந்திரத்தை 1952-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் முதன்முதலில் இயக்கிக் காட்டினர். அது உலோகம் வெட்டுவதற்காகச் செய்யப்பட்டது. பிறகு கம்ப்யூட்டர் சேர்ந்து சி.என்.சி. ஆயிற்று. மரவேலைக்கு உரிய வகையே ரூட்டர்.

இதில் ஒரு பெரிய மேஜை உண்டு. பலகையை அதன் மேல் இறுக்கி வைப்பார்கள். மேலே ஒரு பாலம் முன்னும் பின்னும் நகரும். அப்பாலத்தில் ஸ்பிண்டில் என்னும் மோட்டார் இடமும் வலமும், மேலும் கீழும் நகரும். ஸ்பிண்டிலின் நுனியில் காலெட் என்னும் பிடியில் பிட் என்னும் வெட்டுக்கருவி பொருத்தப்பட்டிருக்கும். பிட் நிமிடத்திற்கு 18,000 சுற்று வரை, சில இயந்திரங்களில் 24,000 சுற்று வரை சுழலும். பக்கத்தில் ஒரு தூசி உறிஞ்சி. அதிலிருந்து ஒரு குழாய் வந்து பிட்டைச் சுற்றி நின்று, வெட்டிய மரத்தூளை இழுத்து ஒரு பையில் சேர்க்கும்.

பூவேலைக் கதவு ஒன்றைக் கையால் செதுக்க என் தந்தையாருக்குப் பல நாட்கள் ஆகும். இயந்திரம் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. அதன் வேகத்தை நான் குறை கூறவில்லை. அந்த வேகத்தோடு கூடவே வந்திருக்கும் விருந்தாளி யார் என்று அறிய வேண்டும் என்றே கூறுகிறேன்.

ரம்போர்டு கண்ட உண்மை

உராய்வினால் வெப்பம் உண்டாகிறது என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். இதனை உலகுக்குத் தெளிவாக எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர் கவுண்ட் ரம்போர்டு. அவர் ஜெர்மனியின் மூனிச் நகரில் பீரங்கிக் குழாய்களைக் குடையும் வேலையை மேற்பார்வையிட்டு வந்தார். குடையும்போது உலோகம் கொதிக்கும் அளவுக்குச் சூடேறுவதைக் கண்டார். வெப்பம் என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒருவகைத் திரவம் என்றும், உலோகம் துண்டுதுண்டாக வெட்டப்படும்போது அது வெளிவருகிறது என்றும் அக்காலத்தார் பலர் நம்பினர்.

ரம்போர்டு ஒரு சோதனை செய்தார். வேண்டுமென்றே மழுங்கிய கருவி ஒன்றை எடுத்துக்கொண்டார். உலோகத்தை நீர் நிறைந்த பெட்டிக்குள் வைத்து, குதிரைகளைக் கொண்டு சுழற்றச் செய்தார். மழுங்கிய கருவி உலோகத்தை அதிகம் வெட்டவில்லை. வெறுமனே தேய்த்துக்கொண்டே இருந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் நீர் கொதித்தது! அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, நீர் கொதிக்கிறது. பார்த்தவர்கள் வியந்தனர். 1798-ஆம் ஆண்டு இலண்டன் ராயல் சொசைட்டியில் இச்சோதனையை அவர் வெளியிட்டார்.

நாம் இதிலிருந்து பெற வேண்டிய பாடம் என்ன? கூரான கருவி வெட்டுகிறது. மழுங்கிய கருவி கொதிக்க வைக்கிறது. ரம்போர்டுக்கு வெப்பம் வேண்டியிருந்தது. அதனால் மழுங்கிய கருவியைத் தேர்ந்தெடுத்தார். நமக்கு வெப்பம் வேண்டாம். ஆனால் பட்டறைகளில் பல நாட்கள் ரம்போர்டின் சோதனையையே நாம் அறியாமல் மரத்தில் செய்துகொண்டிருக்கிறோம்.

மரம் எப்போது தீப்பற்றும்?

மரத்தைச் சூடாக்கினால் முதலில் 100 டிகிரி சென்டிகிரேடு அளவில் அதிலுள்ள ஈரம் ஆவியாகும். 200 டிகிரியைத் தாண்டியதும் மரம் சிதையத் தொடங்கும், பழுப்பேறும், புகை வரும். ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி அளவில், வெளியேறும் வாயுக்கள் பற்றிக்கொள்ளத் தகுந்த நிலையை அடையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் உலர்ந்த மரத்தூளை 30 டிகிரியிலிருந்து 300 டிகிரிக்கு உயர்த்த வேண்டும். மரத்தின் தன்வெப்பம் கிராமுக்கு ஏறத்தாழ 1.7 ஜூல் என்று கொண்டால், 1.7 x 270 = 459 ஜூல் தேவை. தூளில் பத்தில் ஒரு பங்கு கிராம் ஈரமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைச் சூடாக்கி ஆவியாக்க இன்னும் 255 ஜூல் வேண்டும். ஆக மொத்தம் ஏறத்தாழ 715 ஜூல்.

பட்டறை ஸ்பிண்டிலின் திறன் 1.5 கிலோவாட், அதாவது வினாடிக்கு 1,500 ஜூல் என்போம். அதில் பத்தில் ஒரு பங்கு, 150 ஜூல் மட்டும், உராய்வு வெப்பமாகி ஒரே இடத்தில் சேர்வதாகக் கொள்வோம். 715 ஜூல் சேர எத்தனை வினாடி? ஐந்து வினாடி கூட ஆகாது! வெப்பத்தின் ஒரு பகுதி வேறு வழிகளில் சிதறும் என்பது உண்மைதான். ஆயினும் இயந்திரத்திடம் தீ மூட்டும் சக்திக்குப் பஞ்சமில்லை என்பது இக்கணக்கால் விளங்கும்.

இன்னொன்றையும் கருத வேண்டும். மரம் ஓர் அரிதிற் கடத்தி. அதனால்தான் தோசைக்கரண்டிக்கு மரக் கைப்பிடி போடுகிறோம். இரும்பை ஓரிடத்தில் தேய்த்தால் வெப்பம் உடனே பரவிவிடும். மரத்தைத் தேய்த்தால் வெப்பம் அந்த இடத்திலேயே தங்கும். இல்லையேல் பிட்டில் ஏறும். சூடேறிய பிட் விரைவில் கூர் இழக்கும். கூர் இழந்தால் இன்னும் சூடேறும். இது ஒரு தீய வட்டம்.

"மெதுவாகப் போனால் ஆபத்தில்லை" என்பது சரியா?

இக்கட்டுரையில் நான் முக்கியமாகக் கூற விரும்புவது இதுதான். வண்டி ஓட்டுவதில் மெதுவாகப் போவது பாதுகாப்பு. ரூட்டரில் அப்படியில்லை. பிட் அதே வேகத்தில் சுழல, நகரும் வேகத்தை மட்டும் குறைத்தால் ஆபத்து கூடுகிறது.

பிட்டின் ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றில் ஒரு சீவலை எடுக்கிறது. அச்சீவலின் கனத்தைக் கண்டுபிடிக்க எளிய சூத்திரம் உண்டு.

சீவலின் கனம் = ஒரு நிமிடத்தில் நகரும் தூரம் ÷ (நிமிடச் சுற்றுகள் x பற்களின் எண்ணிக்கை)

இரண்டு பல் பிட் 18,000 சுற்றில் சுழல்கிறது. நிமிடத்திற்கு 5,400 மில்லிமீட்டர் நகர்கிறது. அப்போது சீவலின் கனம் 5,400 ÷ 36,000 = 0.15 மி.மீ. நாம் எழுதும் காகிதத்தின் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. எனவே இது காகிதத்தை விடச் சற்றுத் தடித்த சீவல். பல் மரத்தைக் கடிக்கிறது, அறுக்கிறது, எறிகிறது. வெப்பத்தின் ஒரு பங்கு சீவலோடு போய்விடுகிறது. அடுத்த பல்லுக்குச் சூடேறாத புது மரம் கிடைக்கிறது.

இப்போது, "மெதுவாகவே போகட்டும்" என்று நகரும் வேகத்தை 900 மில்லிமீட்டராகக் குறைக்கிறோம். சுற்று வேகத்தை மாற்றவில்லை. சீவலின் கனம் 900 ÷ 36,000 = 0.025 மி.மீ. காகிதத்தின் கனத்தில் கால் பங்கு! பல நாள் உழைத்துத் தேய்ந்த பல்லின் மழுங்கலே இந்த அளவுக்கு வந்துவிடக்கூடும். அப்போது பல் மரத்தைக் கடிக்க இயலாது. மேலே வழுக்கிக்கொண்டு தேய்க்கும். ஒரு மீட்டர் நீளத்தை முன்பு ஏறத்தாழ 6,700 கடிகளில் வெட்டிய பிட், இப்போது 40,000 முறை தேய்த்து முடிக்கிறது. சீவல் வருவதற்குப் பதிலாக நுண்தூள் வருகிறது. அத்தூள் பழுப்பாக இருக்கிறது. பலகையின் ஓரம் கருகுகிறது.

நகராமல் நின்றுவிட்டால்? வினாடிக்கு 300 சுற்று. இரண்டு பல்லும் சேர்ந்து அதே இடத்தை வினாடிக்கு 600 முறை தேய்க்கின்றன. முன்னுரையில் கூறிய மூன்று நிபந்தனைகளையும் நினைவுகூருங்கள். வேகமான சுழற்சி, ஒரே இடம், வெளியேறாத தூள். இதுவே தீக்கடைகோல்!

மெதுவாக வெட்டியே ஆக வேண்டிய வேலைகள் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. அப்போது சுற்று வேகத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். அல்லது பல் குறைந்த பிட்டைப் போட வேண்டும். ஒரு பல் பிட்டை 9,000 சுற்றில் வைத்து, நிமிடத்திற்கு 900 மி.மீ. நகர்த்தினால் சீவலின் கனம் 0.1 மி.மீ. கிடைக்கும். ஸ்பிண்டில் செய்தவர்கள் குறித்துள்ள மிகக் குறைந்த வேகத்திற்குக் கீழே மட்டும் போகக் கூடாது.

இதைக் கணக்குப் போட்டு என் தந்தையாரிடம் காட்டினேன். அவர் சூத்திரத்தைப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே, "இதுக்கு இவ்வளவு கணக்கா பாப்பா? உளி மழுங்கினா எனக்குக் கை வலிக்கும். கை வலிச்சா வேலையை நிறுத்தித் தீட்டிடுவேன். அந்த மெஷினுக்குத்தான் கை வலிக்காதே!" என்றார்.

நான் நூலகத்தில் தேடியும் கிடைக்காத விளக்கம் இது. கையால் இழைப்பவர் மழுங்கலைத் தோளில் உணர்கிறார். இயந்திரம் உணர்வதில்லை. அது மழுங்கிய பிட்டையும் அதே வேகத்தில், அதே பாதையில், களைப்பின்றி இழுத்துச் செல்லும். ஆகவே அதற்காக வலியை உணரும் பொறுப்பு அருகில் நிற்பவரின் கண்ணுக்கும் மூக்குக்கும் காதுக்கும் வந்து சேர்கிறது.

கங்கு செல்லும் பாதை

தேய்த்த இடத்திலேயே தீ தெரிந்துவிட்டால் அணைப்பது எளிது. ஆனால் பெரும்பாலும் அப்படித் தெரிவதில்லை. பிட்டின் அடியில் கடுகளவு கங்கு ஒன்று பிறக்கிறது. அருகிலேயே தூசி உறிஞ்சியின் குழாய் இருக்கிறது. கங்கு அதனுள் இழுக்கப்பட்டு, காற்றோடு பறந்து, பையில் நிறைந்திருக்கும் தூளின் நடுவே போய் விழுகிறது. வழியெல்லாம் அதற்குப் பிராணவாயு கிடைக்கிறது. நாம் அடுப்பில் ஊதுகுழலால் ஊதுகிறோமே, அதைத்தான் தூசி உறிஞ்சியும் செய்கிறது.

பைக்குள் விழுந்த கங்கு உடனே சுடராகாது. தூளுக்கு நடுவே காற்று குறைவு. ஆகவே சுடரின்றிக் கனியும். தவிட்டுக்குள் போட்ட நெருப்பு எப்படி மணிக்கணக்கில் வெளியே தெரியாமல் கனிகிறது என்பதைக் கிராமத்தில் பிறந்தவர்கள் அறிவார்கள். மேலே தொட்டால் குளிர்ச்சி. உள்ளே 500 டிகிரிக்கும் மேற்பட்ட கனல்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையின்போது எங்கள் பட்டறையில் நேர்ந்த நிகழ்ச்சி இதற்கு ஒரு சான்று. பழைய வீடு ஒன்றைப் பிரித்தெடுத்த தேக்குப் பலகையில் ஆழமான பூவேலை. காலையில் போட்ட பிட் மாலை வரை மாற்றப்படவில்லை. தேக்கில் மணலின் இனமாகிய சிலிகா இயற்கையாகவே உண்டு. அது பல்லை விரைவில் தேய்த்துவிடும். பிற்பகலில் கருகல் தெரிந்ததும், இயந்திரம் இயக்கும் அண்ணன் நல்லெண்ணத்துடன் நகரும் வேகத்தைக் குறைத்தார். மாலை ஏழு மணிக்கு வேலை முடிந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினர். வெளி மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளர் இருவர் பட்டறையின் பரண் மேல் படுத்து உறங்கினர்.

இரவு பத்து மணிக்கு மேல் அவர்களுள் ஒருவருக்கு இருமல் எடுத்து விழிப்பு வந்தது. பட்டறை முழுவதும் புகை. தூசிப்பையின் அடிப்பாகம் சிவந்துகொண்டிருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரை ஊற்றி நனைத்து, பையை முற்றத்திற்கு இழுத்துவந்தார்கள். பையும் குழாயின் ஒரு பகுதியும் போயின. உயிருக்குச் சேதமில்லை.

மறுநாள் எல்லாரும், "கரண்ட் கோளாறு" என்றார்கள். பைக்குள் மின்கம்பியே கிடையாது. மோட்டாரும் கம்பியும் கருகாமல் இருந்தன. தீ தொடங்கிய இடம் பையின் உள்ளே. மூன்று மணி நேரத்திற்கு முன் வெட்டிய மரத்தில் பிறந்த கங்குதான் அங்கே போயிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. தந்தையார் அந்தப் பிட்டைக் கழற்றி விரல் நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். நகத்தில் கீறல் விழவில்லை, பல் வழுக்கியது.

இருமல் வராமல் இருந்திருந்தால்? சுடரின்றிக் கனியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை மிகுதியாக வெளியிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குகிறவர் உறங்கியபடியே மயங்கிவிடக்கூடும். குடும்பத்தை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து, வாடகையை மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பும் அந்த இருவர் உறங்கிய இடத்திற்கும் தூசிப்பைக்கும் இடையே இருந்த தூரம் பத்து அடி.

தூசி வெடிக்கவும் கூடும்

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள மரக்கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக்கினால் மொத்தப் பரப்பு 60 ஆகும். 0.1 மி.மீ. ஆக்கினால் 600 ஆகும். மரம் அதேதான், பிராணவாயு தொடும் பரப்பு நூறு மடங்கு. ஆகவேதான் அடுப்பில் மெல்ல எரியும் மரம், நுண்தூளாகக் காற்றில் மிதக்கும்போது வெடிமருந்து போல் ஆகிறது. இத்தாலியின் டூரின் நகரில் 1785-ஆம் ஆண்டு மாவுக்கிடங்கு ஒன்று இவ்வாறு வெடித்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012-ஆம் ஆண்டு ஜனவரி 20 அன்றும் ஏப்ரல் 23 அன்றும் இரண்டு மர அறுவை ஆலைகள் தூசியால் வெடித்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு தொழிலாளர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். சுழலும் பாகங்களில் எழுந்த உராய்வு வெப்பமே தூசியைப் பற்றவைத்ததாக விசாரணையில் தெரியவந்தது.

சிறு பட்டறையிலும் இது நேரலாம். கனியும் பையை உதறினாலோ, கம்ப்ரசர் காற்றால் ஊதினாலோ, தூசி மேகம் எழும். நடுவே கங்கு இருக்கும். விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

காக்கும் வழிகள்

(1) சீவலைப் பாருங்கள். நல்ல வெட்டில் மரச்சீவல் சிறு செதில்களாக, மரத்தின் நிறத்திலேயே வரும். பழுப்பு நிற நுண்தூள் வந்தால் பிட் தேய்க்கிறது என்று பொருள். எம்.டி.எப். பலகை எப்போதும் தூளாகவே வரும். அதில் நிறத்தையும் மணத்தையும் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

(2) கருகல் மணம் வந்தால் வேகத்தைக் குறைக்காதீர்கள். பிட்டை மரத்திலிருந்து மேலே தூக்கி நிறுத்துங்கள். முதலில் பிட்டைப் பாருங்கள். பிறகு கணக்கைப் பாருங்கள். நிறுத்திய உடனே பிட்டைத் தொடக்கூடாது, சுடும்.

(3) பிட்டை உரிய காலத்தில் மாற்றுங்கள். தேக்கும், பசை கலந்த எம்.டி.எப்., பிளைவுட் பலகைகளும் பல்லை விரைவில் தேய்க்கும். பல்லில் ஒட்டிய மரப்பிசினையும் துடைக்க வேண்டும். பிசின் படிந்த பல் கூராக இருந்தாலும் வெட்டாது.

(4) ஒரே மூச்சில் ஆழமாக வெட்டாதீர்கள். ஒரு தடவைக்குப் பிட்டின் குறுக்களவுக்கு மேற்படாமல் இறங்குவது பொதுவான வழக்கம். ஆழமான பள்ளத்தில் சீவல் வெளியேற வழியின்றி அடைத்துக்கொள்ளும். சீவலை மேலே தூக்கும் வகைப் பிட் அங்கு நல்லது. கீழே அழுத்தும் வகைப் பிட் தூளை அடைத்துவிடும்.

(5) பிட் மரத்தில் செங்குத்தாக இறங்கி நிற்கும்படி பாதை எழுதக்கூடாது. சரிவாக நகர்ந்துகொண்டே இறங்கும்படி எழுத வேண்டும். பிட் மரத்துக்குள் சுழன்றுகொண்டிருக்கும்போது நகர்வை மட்டும் நிறுத்திவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவது பெருந்தவறு. கூரிய மூலைகளிலும் சிறு வட்டங்களிலும் இயந்திரம் தானாகவே வேகம் குறையும். கருகல் முதலில் அங்கேதான் தெரியும்.

(6) பலகையை நன்றாக இறுக்குங்கள். வெட்டி முடித்த சிறு துண்டு கழன்று பிட்டோடு உரசினாலும், காலெட் தளர்ந்து பிட் நழுவினாலும் நெருப்பு உண்டாகும். சிறு துண்டுகள் கழலாதபடி ஆங்காங்கே மெல்லிய இணைப்பு விட்டு வெட்டி, பிறகு கையால் அறுத்துக்கொள்ளலாம். காற்றை உறிஞ்சிப் பலகையைப் பிடிக்கும் மேஜையானால், கங்கு அடிப்பலகைக்குள்ளும் இழுக்கப்படும். வேலை முடிந்ததும் அதையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

(7) பழைய மரத்தில் ஆணி இருக்கும். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் தேக்கு இன்று பல ஊர்களுக்கு விலைக்கு வருகிறது. காந்தத்தால் தடவிப் பார்த்து, ஆணியைப் பிடுங்கிய பிறகே மேஜையில் ஏற்ற வேண்டும்.

(8) மரத்தூள் உறிஞ்சும் குழாயை இரும்பு அரைக்கும் கிரைண்டருக்கு ஒருபோதும் மாட்டக்கூடாது. பாலிஷ் எண்ணெய் துடைத்த துணியைத் தூளோடு போடவும் கூடாது. ஆளி விதை எண்ணெய் நனைந்த துணி தானாகவே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது.

(9) இயந்திரம் ஓடும்போது அருகில் ஆள் இருக்க வேண்டும். இயந்திரம் தானாக ஓடும். ஆனால் தானாக முகராது.

(10) வேலை முடிந்ததும் அன்றைய தூளை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் கொட்டி, கட்டடத்துக்கு வெளியே வைக்க வேண்டும். கடைசி வெட்டு முடிந்து ஒரு மணி நேரமாவது பட்டறையில் ஒருவர் விழித்திருந்து, மீண்டும் ஒருமுறை பையையும் மேஜையையும் பார்க்க வேண்டும். தூசிப்பை இருக்கும் கூரையின் கீழ் யாரும் உறங்கக் கூடாது.

தீப்பிடித்துவிட்டால்

முதலில் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்த வேண்டும். அது பெரும்பாலும் இயந்திரத்தை மட்டுமே நிறுத்தும். தூசி உறிஞ்சிக்குத் தனிச் சுவிட்ச் இருக்கும். அதையும் உடனே அணைக்க வேண்டும். இல்லையேல் தீயை அது பைக்கு இழுத்துச் செல்லும். அடுத்து மெயின் சுவிட்ச்.

மின்சாதனங்களுக்கு அருகில் கரியமில வாயு அணைப்பான் ஏற்றது. ஆனால் அது சுடரைத்தான் அணைக்கும். தூளுக்குள் கனியும் கங்கை அணைக்காது. கங்குக்கு வேண்டியது தண்ணீர். மின்சாரத்தை அறவே துண்டித்த பிறகு, தூளை மேலிருந்து மெல்லப் பூவாளியால் நனைப்பது போல் நனைக்க வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் தூள் பறக்கும். பைக்குள்ளிருந்து புகை வந்தால் பையைத் திறக்கவோ உதறவோ கூடாது. கை மீறும் என்று தோன்றினால் எல்லாரையும் வெளியேற்றிவிட்டு 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழைக்க வேண்டும். பொருளை மீட்க உள்ளே ஓடக்கூடாது.

முடிவுரை

இக்கட்டுரையில் நான் கூறிய விஞ்ஞானம் புதியதன்று. உராய்வும் தன்வெப்பமும் நம் பாடப்புத்தகத்தில் உள்ளவையே. தேர்வுக்கு முதல் நாள் இரவு நாம் மனப்பாடம் செய்யும் அவை, வேறோர் இடத்தில் இருவர் உயிரோடு விழிப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன.

எங்கள் பட்டறைச் சுவரில் இப்போது ஓர் அட்டை தொங்குகிறது. எந்தப் பிட்டுக்கு எத்தனை சுற்று, எவ்வளவு நகர்வு என்பதைத் தமிழிலும் இந்தியிலும் எழுதியிருக்கிறோம். கணக்கு என்னுடையது, எந்த மரம் எவ்வளவு தாங்கும் என்று திருத்தியவர் என் தந்தையார், இந்தி எழுதியவர் பரணில் உறங்கிய அந்தத் தொழிலாளர். தூசித்தொட்டி முற்றத்தின் மூலைக்குப் போய்விட்டது. அவர்கள் இருவரும் இப்போது பின்பக்கத்து ஓட்டு அறையில் படுக்கிறார்கள். இதற்கெல்லாம் ஆன செலவு ஒரு புதுப் பிட்டின் விலையை விட அதிகமில்லை.

நம் கல்லூரியில் படிப்பவர்களில் பலர் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். மாவு மில், மர அறுவை மில், நூல் ஆலை, பட்டாசுத் தொழில் என்று ஏதேனும் ஒன்றில் நம் வீட்டார் நாள்தோறும் நிற்கிறார்கள். அவர்கள் நிற்கும் இடத்தில் வெப்பம் எங்கே பிறக்கிறது, தூசி எங்கே சேர்கிறது என்ற இரண்டு கேள்விகளை மட்டும் இந்த விடுமுறையில் கேட்டு வாருங்கள். விடை தெரியாவிட்டால் நம் இயற்பியல் துறைப் பேராசிரியர்களிடம் கொண்டு வாருங்கள். சேர்ந்து கணக்குப் போடலாம்.